புயலில் சாய்ந்த மரங்களும் வீட்டுத் தச்சு வேலையும்

2011-ம் வருஷம் டிசம்பர் மாதம் 30-ந் தேதி காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, பண்ருட்டி வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. 2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியற்காலம் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்தது. தஞ்சை ஜில்லாவின் தென்னந்தோப்புகள், புதுக்கோட்டைச் சீமையில் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்துப் பலா, மா முதலியவை அதில் அழிந்தன. இவ்விரு புயல்களுக்குப் பின்னும் அநேக கிராமங்களில் நடந்தது ஒன்றே. வழியை அடைத்துக் கிடந்த மரத்தை எப்படியாவது அப்புறப்படுத்தினால் போதுமென்று குடியானவர்கள் விறகு வியாபாரிகள் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓடு பறந்துபோன வீட்டைப் பழுதுபார்க்கவும், நிலை, கதவு, கட்டில் செய்யவும் பின்னர் மரவாடிக்குப் போய்க் கன அடிக் கணக்கில் பலகை வாங்கினார்கள். தம் பாட்டனார் வைத்த பலாவை விறகு விலைக்கு விற்று, முகந்தெரியாத மரத்தைத் தேக்கின் விலைக்கு வாங்கியவர்களும் உண்டு.

வடகிழக்குப் பருவம் ஆண்டுதோறும் வருவது. புயலும் அதனுடன் வரக்கூடியதே. ஆகையால் சாய்ந்த மரத்தில் எது வீட்டு வேலைக்கு உதவும், அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதைக் குடியானவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

முதற்கண், அவசரப்பட்டு அரிவாளை எடுத்தலாகாது. நிவாரணத் தொகை பெரும்பாலும் மரக் கணக்கின் பேரிலேயே அளிக்கப்படுவதால், கிராம அதிகாரி வந்து எண்ணிப் பதிவு செய்யும்வரை மரம் கிடந்த நிலையிலேயே கிடக்க வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. கிராம அதிகாரிகளும் கணக்கெடுப்பைத் தாமதப்படுத்தாமல் முடித்துக் கொடுப்பது பெரிய உபகாரமாகும். மாமரத் தடியும் தூங்குமூஞ்சித் தடியும் மழையில் இரண்டு மூன்று வாரம் கிடந்தாலே வெளிறில் நீலக் கறை ஏறி, வண்டும் புகுந்துவிடும். தென்னையில் வேறொரு அபாயம் உண்டு. அழுகும் தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும் இடம். சாய்ந்தவற்றை அப்படியே விட்டால் தப்பி நிற்கும் மரங்களின் குருத்துக்கும் கேடு வரும்.

கிளை கழிப்பதில் எச்சரிக்கை தேவை. சாய்ந்த மரம் வளைந்த வில்லைப் போன்றது. எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறதென்று பாராமல் அறுத்தவர்களின் காலை அது அடித்து முறித்திருக்கிறது. பழகிய ஆளைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

கழித்தபின் தடிகளை வேலைக்கேற்ற நீளத்துக்கு ஓரடி கூடுதலாக விட்டுத் துண்டு போட வேண்டும். துண்டு போட்ட அன்றைக்கே இரு முனைகளிலும் தாரோ, மெழுகோ, பழைய வண்ணமோ கனமாகப் பூச வேண்டும். மரத்தின் ஈரம் பக்கங்களைவிட முனை வழியாகவே மிக விரைவாக வெளியேறும். முனை மட்டும் காய்ந்து சுருங்குவதால்தான் நட்சத்திரம் போல வெடிக்கிறது. நாலணாப் பெறாத தார் ஒவ்வொரு முனையிலும் ஓரடிப் பலகையை மிச்சப்படுத்தும். உடனே அறுக்க வசதியில்லாதவர்கள் தடியை முழுவதும் குளத்தில் அமிழ்த்தி வைக்கலாம். நீருக்குள் கிடக்கும் தடி வெடிப்பதில்லை, வண்டும் துளைப்பதில்லை, வெளிறிலுள்ள மாச்சத்தும் சிறிது சிறிதாகக் கரைந்துபோம். பாதி அமிழ்ந்து பாதி மிதப்பது கூடாது. நீர்மட்டத்திலுள்ள பாகமே முதலில் அழுகும்.

இனி, எந்த மரம் எதற்கு என்பது. பலா வீட்டு வேலைக்கு முதல்தரமான மரம். அறுத்த புதிதில் மஞ்சளாயிருந்து, ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பேறி மெருகு கொள்ளும். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில் செய்யப்படுவதே அதன் குணத்துக்குச் சாட்சி. கதவு, அலமாரி, பெட்டி, ஊஞ்சல் யாவற்றுக்கும் ஏற்றது. காய்ப்பு நின்ற கிழ மரத்தில் வைரம் மிகுதியாயிருக்கும். பூவரசு பலாவுக்குச் சளைத்ததன்று. வாய்க்கால் கரையில் வேலியாக நிற்பதால் மட்டும் அதை மதிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கரும்பழுப்பான அதன் வைரம் இறுக்கமானது, கறையான் எளிதில் தொடாது. வாகையின் வைரமும் அழகிய வரிகளுடையது. அறுக்கையில் பறக்கும் தூள் மூக்கில் ஏறினால் தச்சர் நாள் முழுதும் தும்முவார். ஆகையால் முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

வேம்பு நிலைக்கும் சன்னல் சட்டத்துக்கும் போதுமானது. ஆனால் ‘வேம்பைப் பூச்சி தொடாது’ என்று கருதி வெளிறோடு சேர்த்து ஈர மரமாகவே நிலை செய்துவிடுவதுதான் நம்மவர் வழக்கம். அது முறுக்கிக்கொள்ளும்போது மரத்தின் பேரில் பழி விழுகிறது. கருவேல் கருவிகளுக்குப் பிடி, வண்டிச் சாமான் முதலியவற்றுக்கே உரியது. பலகைக்கு அதைத் தேடுவதில் பயனில்லை. நாவல் நீரில் நிலைக்கும். புளி, கசாப்புக் கட்டைக்கும் கொட்டாப்புளிக்கும் நல்லது. மா மலிவான மரம். வீட்டுக்குள், நனையாத இடத்தில், மருந்து தோய்த்த பின் பலகையாகப் பயன்படுத்தலாம். முந்திரியை விறகுக்கே விட்டுவிடலாம். சீமைக் கருவேல் காய்ந்தபின் அதிகம் சுருங்காத கடின மரமென்பதைப் பலர் அறியார். நேரான நீளத்தில் கிடைப்பதில்லையாதலால் மண்வெட்டிப் பிடி, முக்காலி போன்ற குட்டை வேலைகளுக்கு உதவும். தைல மரத்தை நாட்டுத் தச்சு வேலைக்கு எடுப்பவர்கள் அதன் வெடிப்போடும் முறுக்கோடும் போராட வேண்டிவரும்.

தென்னையும் பனையும் தனி இனம். வைரம் வெளியே உள்ளதைப் புல் வகையென்றும் உள்ளே உள்ளதை மர வகையென்றும் தொல்காப்பியம் பிரித்திருப்பது தச்சருக்கும் நல்ல பாடமே. தென்னந்தண்டில் வெளிச்சுற்றிலுள்ள கறுத்த பாகமே உறுதி, நடுப்பாகம் பஞ்சு. அடிப்பாகத்தின் வெளிச்சுற்றில் கைமரமும் தூணும் எடுக்கலாம். உச்சிப் பாகம் எதற்கும் உதவாது. காய்ந்தபின் அறுத்தால் ரம்பத்தின் பல் மழுங்கிவிடுமாதலால் பச்சையாகவே அறுப்பது உசிதம்.

தேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990-களில் தேக்கு வளர்ப்புத் திட்டங்கள் என்று பெரும் லாபம் சொல்லிப் பணம் திரட்டியவர்களிடம் ஏமாந்தவர் பலர். அதிலும் நிலைத்திருக்கும் தவறான எண்ணம், தேக்கு என்றால் எல்லாம் ஒன்றே என்பது. வரப்பில் நீர் குடித்து வேகமாய் வளர்ந்த பதினைந்து வயதுத் தேக்கில் சரிபாதி வெளிறாயிருக்கக் கூடும். தேக்கின் வெளிறைக் கறையான் தின்னும். அத்தகைய தேக்கைவிட அறுபது வயதுப் பலாவின் வைரம் எவ்வளவோ மேல்.

புயலில் விழுந்த மரத்துக்கென்று ஒரு விசேஷக் குறை உண்டு. காற்றில் வளைந்து நிமிர்ந்த அடிமரத்தில், நார் ஓட்டத்துக்குக் குறுக்கே கண்ணுக்கு எளிதில் புலப்படாத நசுங்கல் முறிவுகள் இருக்கலாம். இழைத்த பலகையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழை போன்ற குறுக்குக் கோடுகள் தெரியும். அப்படிப்பட்டதை உத்திரத்துக்கோ ஏணிக்கோ பரணுக்கோ இடுதலாகாது, முன்னறிவிப்பின்றி முறியும். பெட்டிக்கும் அலமாரிக்கும் குற்றமில்லை. நெடுநாள் சாய்ந்தே வளர்ந்த மரத்தின் பலகையும் காயும்போது வளைவதால் அதையும் குட்டைத் துண்டுகளாகவே கொள்ள வேண்டும்.

விற்பதானாலும் அறுப்பதானாலும் அளவு தெரிந்திருக்க வேண்டும். தடியின் நடுவில் பட்டை நீங்கலாகச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதில் கால் பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். 48 அங்குலச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள தடிக்குக் கால் சுற்று 12. 12-ஐ 12-ஆல் பெருக்க 144. அதைப் பத்தால் பெருக்கி 144-ஆல் வகுக்க 10 கன அடி. உண்மையில் அத்தடியில் 12¾ கன அடிக்குச் சற்றுக் குறைவான மரம் உண்டு. நூற்றுக்கு இருபத்தொரு பங்குக்கு மேல் அறுவைச் சேதத்துக்கென்று இந்தக் கணக்கிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே இவ்விதம் அளந்தபின் ‘சேதாரம்’ என்று வியாபாரி மறுபடியும் தள்ளுபடி கேட்டால் அதற்கு இணங்க வேண்டியதில்லை. மொத்தமாகக் குத்துமதிப்பில் விலை பேசுவதில் விற்பவருக்கு லாபம் வந்ததாகக் கேட்பது அரிது.

அறுக்கும்போது மரத்தின் நடு மையம் எந்தச் சட்டத்திற்குள்ளும் அடங்காதபடி அறுக்கச் சொல்ல வேண்டும். மையம் அடங்கிய சட்டம் வெடித்தே தீரும். வருட வளையங்களின் ஓட்டத்தோடு மரம் சுருங்குவது, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம். ஆகையால் முனையைப் பார்த்தால் வளையங்கள் செங்குத்தாக நிற்கும் பலகை கதவுக்கும், படுத்திருக்கும் பலகை மற்ற வேலைக்கும் என்று பிரித்து வைப்பது நலம்.

அறுத்த பலகைகளில் வெளிறு உள்ளவற்றை மருந்து நீரில் தோய்க்க வேண்டும். 100 லிட்டர் நீரில் 6 கிலோ போராக்ஸும் 4 கிலோ போரிக் அமிலமும் கரைத்து, பச்சைப் பலகையை நன்றாக நனைத்து, அடுக்கி, இரண்டு மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் மருந்து உள்ளே ஊறும். உளுத்துப்போகாமல் காக்க இது சிக்கனமான வழி. மழை நீர் இம்மருந்தைக் கழுவிவிடுமாதலால் வெளிப்புற வேலைக்குப் பயனில்லை. தானியப் பெட்டி, மாட்டுத் தொட்டி ஆகியவற்றுக்குத் தோய்த்த பலகையை உபயோகிக்கக் கூடாது.

பின்னர் காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரையிலிருந்து 1½ அடி உயரக் கட்டைகளின் மேல், ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓர் அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். விலகினால் பலகை அந்த இடத்தில் வளையும். உச்சியில் கல் பாரம் வைக்கலாம். வெயிலில் காயவைப்பது பலகையைக் கெடுப்பதற்கே வழி. ஓர் அங்குலப் பலகை நான்கைந்து மாதத்திலும், மூன்றங்குல நிலைக்கால் ஓராண்டுக்குக் குறையாமலும் காயும். உறுதியாக அறிய, அடுக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாரம் ஒரு முறை நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் எடை மாறாதிருந்தால் மரம் காய்ந்ததென்று கொள்ளலாம்.

வீட்டு மரம் இல்லாதவர்கள் இடித்த வீட்டுச் சாமான்களைப் பார்க்கலாம். காரைக்குடியில் பழைய செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் விற்கும் கடைகள் உண்டு. பர்மாத் தேக்கு அங்கே கிடைப்பது அரிதன்று. ஆணி ஒன்றுகூட உள்ளே நில்லாமல் பிடுங்கிய பிறகே இழைப்புளி வைக்க வேண்டும்.

புறம்போக்கில் விழுந்த மரம் சர்க்கார் சொத்து. மரப்பட்டா வைத்திருப்பவருக்கும் பலனை அனுபவிக்கும் பாத்தியதையே தவிர வெட்டி எடுக்கும் பாத்தியதை இல்லை. மலைப் பகுதிகளில் 1955-ம் வருஷத்துச் சட்டப்படி சொந்த நிலத்து மரத்துக்கும் அனுமதி வேண்டும். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி தேவையென்று 2021-ம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தேக்கு, சந்தனம் முதலியவற்றை வண்டியேற்றுமுன் வனத்துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டுப் பற்றிக் கேட்டறிய வேண்டும்.

கதவு இணைக்கும் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஆடிக் காற்றில் காய்ந்த பலகையைச் சட்டத்துக்குள் இறுக்கமாகப் பொருத்தினால் ஐப்பசி மழையில் ஊதிக் கதவு அடையாது. நடுப் பலகையைப் பசை வைக்காமல் காடியில் தளர விட்டு, இரு பக்கமும் அரைக்கால் அங்குலம் இடம் கொடுக்கும்படி தச்சரிடம் சொல்ல வேண்டும்.