கைராசியா, கணக்கா?

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க நேர்ந்தது. விலை ஏறும்போதெல்லாம் நகரத்து மாடிகளில் தக்காளி நாற்றுகள் தலைகாட்டுவது வழக்கம். ஆனால், விதை முளைத்து, நாற்றாகி, பிடுங்கி நடப்பட்டு, பூத்துக் காய்த்துப் பழுக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பருக்குள் விலை சரிந்துவிட்டது. செய்தியைப் படித்துவிட்டு விதைத்தவரின் செடியில் முதல் பழம் சிவந்தபோது, சந்தையில் தக்காளி மலிந்து கிடந்தது.

இப்படித் தொடங்கப்படும் வீட்டுத்தோட்டங்களில் பல, இரண்டாவது கோடையைத் தாண்டுவதில்லை. வெயிலில் நைந்த வளர்ப்புப் பைகளும், கட்டியாய் இறுகிப்போன தென்னை நார்க்கழிவும், காய்ந்த தண்டுகளுமே மாடியில் மிஞ்சுகின்றன. கேட்டால் கிடைக்கும் விடை, 'நமக்குக் கைராசி இல்லை' என்பதுதான். கைராசி வசதியான சொல். காய்க்காததற்கும் அதுவே காரணம், பக்கத்து வீட்டில் காய்த்துத் தொங்குவதற்கும் அதுவே காரணம். காரணத்தைத் தேடும் வேலையை அது மிச்சப்படுத்திவிடுகிறது.

வீட்டுத்தோட்டத் தோல்விகளில் பெரும்பாலானவை உழைப்புக் குறைவால் வருபவை அல்ல. விதைத்த நாள் தவறியதால் வருபவை. இதற்குப் பந்தல் அவரையைவிடத் தெளிவான சான்று இல்லை. நாட்டுக்கொடி அவரை பகல்பொழுது சுருங்கும்போதுதான் பூவெடுக்கும். ஆடியில் ஊன்றிய விதை, மழைக்காலம் முழுவதும் கொடியாய்ப் படர்ந்து, பனிக்காலத்தில் பந்தல் நிறையக் காய்க்கும். அதே விதையைத் தை மாதத்தில் ஊன்றினால், நாள்தோறும் பகல் நீண்டுகொண்டே போகும் பருவத்தில் அது வெறும் இலையாகவே ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை குடம் நீர் ஊற்றினாலும், எந்த உரத்தை வைத்தாலும் அடுத்த பனிக்காலம் வரை பூவைக் காண்பது அரிது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி மழையை மட்டும் கருதிச் சொன்னதன்று, பகலின் நீளத்தையும் உள்ளடக்கியது என்று தோன்றுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை வகைகள் இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவை. ஆண்டின் பிற பருவங்களிலும் காய்க்கக் கூடியவை. ஆகவே, 'அவரை' என்று மட்டும் சொல்லி விதை வாங்குபவர் பாதித் தகவலைத்தான் கேட்டிருக்கிறார். கொடியா, செடியா என்பதே முக்கியமான மீதிப் பாதி.

தக்காளியின் சிக்கல் வேறு. அது வெப்பத்துக்கு அஞ்சும் பயிர். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவு வெப்பம் இருபத்து நான்கு, ஐந்துக்குக் கீழே இறங்காவிட்டாலோ அதன் மகரந்தம் வலுவிழந்துவிடும். பூக்கள் காய் பிடிக்காமல் காம்போடு உதிரும். மே மாதச் சென்னையில் நள்ளிரவுகூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் தளம் இரவில் வெப்பத்தை உமிழ்வதால், மாடியில் நிலைமை இன்னும் மோசம். பச்சைப்பசேல் என்று நின்று பூவை மட்டும் உதிர்க்கும் செடிக்கு மேலும் மேலும் உரமிடுவோர் உண்டு. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். அந்தப் பருவத்தில் மாடிக்கு ஏற்றவை கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை போன்றவை.

தோல்வியிலிருந்து கற்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். தோட்டத்தைப் பொறுத்தவரை, வெற்றியிலிருந்து சரியாகக் கற்பதுதான் கடினம். மார்கழி, தை மாதங்களில் தக்காளி குலைகுலையாய்க் காய்த்த வீட்டில், அதற்கான பெருமை பஞ்சகவ்யத்துக்கோ மீன் அமிலத்துக்கோ போய்ச் சேரும். அவை பயனற்றவை என்பதல்ல இங்கே வாதம். அந்த விளைச்சலுக்கு இரவுக் குளிர் எவ்வளவு, கரைசல் எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லாமல் போவதே குறை. அதை நம்பி ஏப்ரலில் மறுபடியும் நட்டு, இரட்டிப்பு அளவு கரைசல் ஊற்றி ஏமாறுவோர் பலர். இதற்கு மருந்து எளியது: ஒரே நாளில், ஒரே வகை நாற்றை, ஒரே அளவுப் பைகள் நான்கில் நட்டு, இரண்டுக்கு மட்டும் கரைசலைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒரு பருவத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்ற ஒழுங்கு இருந்தால், நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றே ஆய்வுக்கூடம் ஆகிவிடும்.

பாகல், புடல், பீர்க்கு, சுரை ஆகிய கொடிகளில் காணப்படும் 'தோல்வி' பல நேரங்களில் தோல்வியே அல்ல. முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். அவை உதிரத்தான் செய்யும். அடியில் பிஞ்சு வடிவம் கொண்ட பெண் பூக்கள் பிறகு வரும். அவையும் பிஞ்சிலேயே மஞ்சளித்து உதிர்ந்தால்தான் கவலைக்கு இடமுண்டு. மகரந்தம் சேரவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கக் கூடும். நான்காவது மாடிக்குத் தேனீ எளிதில் வருவதில்லை. கையால் மகரந்தம் சேர்க்கலாம். ஆனால், நேரம் அறிந்து சேர்க்க வேண்டும். பாகலும் பூசணியும் காலையில் மலர்பவை. சுரையும் பீர்க்கும் புடலும் மாலையில் இதழ் விரிப்பவை. காலையில் சுரைப்பூவைத் தேடிச் செல்பவர் வாடிய பூவைத்தான் காண்பார்.

பூச்சி, நோய் விஷயத்தில் எதற்கு எது விடை என்று தெரிந்திருக்க வேண்டும். வெண்டையின் இலை நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வைரஸ் நோய். வெள்ளை ஈ சுமந்து வருவது. நோய் கண்ட செடிக்கு மருந்து இல்லை. மனமில்லாவிட்டாலும் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும். கத்தரியில் ஒரு கொழுந்து மட்டும் திடீரெனத் தலைசாய்ந்தால், நீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி ஊற்றக் கூடாது. தண்டுக்குள் துளைப்பான் புழு இருக்கிறது. அந்தக் கொழுந்தைச் சற்றுக் கீழே வரை கிள்ளி அழித்துவிட்டால், அந்தப் புழு காய்க்குள் போகும் வாய்ப்பு அங்கேயே முடிகிறது. 

மருந்தால் தீராத ஒன்று வேறு வழியில் தீர்ந்ததற்குத் தமிழகத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. 2008இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, வீட்டு வாசல் செம்பருத்தி வரை பரவியது. உடலை மூடிய மெழுகுப் பூச்சால் தெளித்த மருந்து அதைச் சேரவில்லை. அதைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளே மடிந்தன. 2010இல் போர்ட்டோ ரீகோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டுப் பெருக்கி விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும் இக்குளவி, சில மாதங்களிலேயே அதை அடக்கியது. மாடியில் பொறிவண்டைக் கண்டதும் அதையும் பூச்சி என்று நசுக்குபவர்கள் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது.

முதல் ஆண்டு அமோகமாக விளைந்து, இரண்டாம் ஆண்டு அதே பையில் செடி நடுப்பகலில் வாடித் துவளுவது மற்றொரு வழக்கமான புகார். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் பெரும்பாலும் முடிச்சு முடிச்சாக இருக்கும், நூற்புழுவின் வேலை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்துப் பயிர்கள். ஒன்றன்பின் ஒன்றாக அதே மண்ணில் நட்டால், ஒன்றைத் தாக்கியது அடுத்ததற்காகக் காத்திருக்கும். இடையில் கீரை, செண்டுமல்லி என்று மாற்றுவதும், மண்ணைக் கோடை வெயிலில் பரப்பிக் காயவிடுவதும், வேப்பம் புண்ணாக்கு கலப்பதும் பழைய, பயனுள்ள வழிகள்.

விளைந்தது ஒரே வாரத்தில் குவிந்துவிடும் என்பதால், தோட்டத்தின் மறுபாதி பதப்படுத்துதல். மணத்தக்காளி, சுண்டைக்காய், கொத்தவரை வற்றல்களும், மோர்மிளகாயும், வடுமாங்காயும் நம் வீடுகளின் சேமிப்புக் கிடங்கு. தோட்டத்துக்கும் ஜாடிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தோட்டத்தில் தோற்றால் ஒரு பை மண்ணும் சில வாரங்களும்தான் நட்டம், கண்ணுக்கும் தெரியும். ஜாடியில் தோல்வி கண்ணுக்குத் தெரியாமலே வெற்றிபோல் உட்கார்ந்திருக்கக் கூடும்.

உணவு கெடாமல் இருக்க, நுண்ணுயிர்கள் வளர முடியாத நிலையை உண்டாக்க வேண்டும்; வெயிலும் உப்பும் புளிப்பும் அதைத்தான் செய்கின்றன. மோர்மிளகாயில் மூன்றும் சேர்கின்றன. இரவில் உப்பிட்ட மோரில் ஊறல், பகலில் வெயில், மறுபடி மோர் என்று அது முழுவதும் உறிஞ்சப்படும் வரை நடக்கும் அந்தச் சுழற்சி பாட்டிமார்களின் பழக்கம் மட்டுமல்ல, பிசிறில்லாத அறிவியல். கொத்தவரையை உப்பு நீரில் ஒரு கொதி விட்டுக் காயவைப்பதும் அப்படியே: காயிலுள்ள நொதிகளின் வேலையை வெந்நீர் நிறுத்திவிடுவதால் நிறமும் மணமும் நீடிக்கின்றன. பங்குனி, சித்திரையில் மூன்று, நான்கு நாள்களில் காயும் வற்றல், தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு வாரமானாலும் காயாது. வளைந்தால் ஒடிய வேண்டும். ஒடியாமல் வளைந்து கொடுக்கும் வற்றலில் ஈரம் மிச்சம் இருக்கிறது. அந்த வற்றலில் பூஞ்சணம் பிடித்தால் தட்டிவிட்டு வறுத்துக்கொள்ளும் சிக்கனம் ஆபத்தானது. சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, எண்ணெயில் பொரித்தாலும் முழுமையாக அழிவதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி உப்பைப் பாதியாகக் குறைத்து ஊறுகாய் போடுவது இப்போது பரவிவருகிறது. அக்கறை நியாயமானது, வழி தவறானது. ஊறுகாயில் உப்பு சுவைக்காக மட்டும் இருப்பதன்று. ஜாடியைக் காப்பதே அது. உப்பைக் குறைத்தால் அது ஊறுகாய் என்ற நிலையிலிருந்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களில் தீர்க்க வேண்டிய தொடுகறி என்ற நிலைக்கு மாறிவிடுகிறது. அப்படியே நடத்தவும் வேண்டும். உடல்நலம் கருதுவோர் முழு உப்பிட்ட ஊறுகாயைக் குறைவாகத் தொட்டுக்கொள்வதே பொருத்தம். கல்லுப்பை ஆழாக்கால் அளந்த பாட்டியின் அளவை, தூளுப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒரே ஆழாக்கில் தூளுப்பு அதிக எடை நிற்கும். எடை போட்டு எழுதி வைப்பதே நிலையான வழி.

மிகுந்த எச்சரிக்கை வேண்டியது, எண்ணெயில் மூழ்கவைத்த பச்சைப் பூண்டிலும், புளிப்பில்லாத காய்களைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பதிலும். இணையத்தில் பார்த்து இவற்றைச் செய்வோர் பெருகியுள்ளனர். மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் விதைமூலங்கள் கொதிநீரிலும் சாகாதவை. காற்றில்லாத, புளிப்பற்ற இடத்தில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குபவை. 1985இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில், குளிரூட்டாமல் வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டை உண்ட முப்பதுக்கும் மேற்பட்டோர் இந்த நஞ்சால் பாதிக்கப்பட்டனர். கெட்ட வாடை வீசும் என்று காத்திருப்பதில் பயனில்லை. வாடையே இல்லாமலும் நஞ்சு இருக்கக் கூடும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருந்தால் அந்த நுண்ணுயிரி வளராது. எலுமிச்சைச் சாறும் புளியும் தாராளமாகச் சேர்ந்து, உப்போடு வதங்கும் நம் பூண்டு ஊறுகாய் பாதுகாப்பாக இருப்பது இதனால்தான். தக்காளி இந்த எல்லைக்கு அருகிலேயே நிற்பது. ஆகவே, தொக்கில் புளியையோ எலுமிச்சையையோ விட்டுவிடுவது நல்லதல்ல. 'பத்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது தோட்டத்தில் ஓரளவு எடுபடும் வாதம். ஜாடி விஷயத்தில் அது வெறும் நற்பேறு.

மாடித்தோட்டம் அமைக்கத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தளைகளை வழங்கி வந்துள்ளது. பையும் நார்க்கழிவும் விதையும் கைக்கு வந்துவிடுகின்றன. அத்தளையோடு, மாவட்டத்துக்கு ஏற்ற விதைப்பு நாள்காட்டி ஒன்றையும், எந்த நாளில் எந்த வகையை விதைத்தோம், எப்போது பூத்தது, எத்தனை கிலோ கிடைத்தது, எவ்வளவு உப்பிட்டோம் என்று எழுதக் கட்டங்கள் அமைத்த குறிப்பேடு ஒன்றையும் சேர்க்கலாம். உதகைக்கும் இராமநாதபுரத்துக்கும் ஒரே நாள்காட்டி பொருந்தாது. ஆறு மாதம் கழித்து, இரண்டாவது பருவத்தின் தொடக்கத்தில், அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுபவருக்கு அடுத்த பருவ விதை இலவசம் என்று அறிவித்தால் செலவு அதிகம் ஆகாது. எந்த ஊர் மாடியில் எந்தச் செடி, எந்த மாதத்தில் பொய்த்தது என்ற விவரமும் துறைக்குக் கிடைக்கும்.