சாமியிடம் கேட்டாயிற்று, பெண்ணிடம்?

மாசி மகத்துப் பௌர்ணமி நெருங்கினால், மாமல்லபுரம் கடற்கரை மணல்வெளி ஒரு ஊராகவே மாறிவிடுகிறது. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் பழங்குடியினர் சட்டி பானையோடு வந்து, குச்சி நட்டு, புடவையை இழுத்துக் கட்டிக் குடில் போடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட தங்கள் தெய்வம் கன்னியம்மாவைச் சமாதானம் செய்து அழைக்க வருகிறார்கள். விடியற்காலையில், அலை வந்து தொடும் இடத்தில் ஈரமணலைத் தட்டி ஏழு படி கட்டுகிறார்கள். படியெல்லாம் பூ, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம். பூசாரிக்கு அருள் வந்ததும் குடும்பம் குடும்பமாக முன்னால் போய் நிற்கிறார்கள். இந்தப் பெண்ணை அந்த வீட்டில் கொடுக்கலாமா? பிள்ளைக்கு ஏன் உடம்பு தேறவில்லை?

அம்மா சரி சொன்னால் அங்கேயே நிச்சயம். போன வருடம் நிச்சயமான ஜோடிகளுக்கு இந்த வருடம் அதே மணலில் தாலி. பெயர் வைப்பதும் மொட்டை போடுவதும்கூட அங்கேதான். இதைக் காட்டுவாசிகளின் வேடிக்கை என்று படம் பிடித்துப்போகிற சுற்றுலாக் கூட்டம் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. யாருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்கிறார்களோ அந்தப் பையனும் பெண்ணும் உறவுக் கூட்டத்தின் நடுவே அங்கேயே நிற்கிறார்கள். கேள்வியும் பதிலும் அவர்கள் காதில் விழுகின்றன.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் திருவிடந்தை. காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கொருத்தியாக மணந்த வராகப் பெருமாள், நித்திய கல்யாணராக அருளும் திவ்ய தேசம். வரன் அமையாதவர்கள் மாலையோடு வருகிறார்கள். பெருமாளுக்குச் சாத்திக் கொடுத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு 9 முறை பிராகாரம் சுற்ற வேண்டும். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனபின் ஜோடியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இங்கேயும் மாலை சுமப்பது கல்யாணம் வேண்டுகிறவரேதான். அப்பா சுற்றினால் ஆகாதா என்று யாரும் கேட்பதில்லை.

நம் வீடுகளில் நடப்பதோ வேறு. ஜாதகம் பொருந்திய பிறகும் மனம் நிற்காமல் அம்மன் சன்னதியில் பூப்போட்டுப் பார்க்கிறோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பக்கத்தில் நிற்கும் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறோம். நினைத்த பூ வந்துவிட்டால் உத்தரவு கிடைத்தது என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அந்த நேரத்தில் பெண் கல்லூரியிலோ வேலையிலோ இருக்கிறாள். சாயங்காலம் வீடு திரும்பியவளிடம், "அம்மாவே வாக்குக் குடுத்துட்டா, இனிமே என்னடி யோசனை?" என்கிறார்கள். அப்பாவை எதிர்த்துப் பேசிவிடலாம், அத்தையிடம் அழுது பார்க்கலாம். சாமியை எதிர்த்து எந்தப் பெண் வாய் திறப்பாள்?

பெற்றவர்கள் மனசமாதானத்துக்காகச் செய்கிறார்கள், அதில் குற்றம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தவிப்பு எனக்கும் புரிகிறது. ஆனால் என்னை உறுத்துவது, அந்தச் சமாதானத்துக்கு விலை கொடுப்பவள் யார் என்பது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் வயதைச் சொல்கிறது. பத்தாவது முடித்தவளுக்கு அவசரமாகப் பூப்போடும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. இருளர் குடிசைகளிலும் இருக்கின்றன, ஓட்டு வீடுகளிலும் மாடி வீடுகளிலும் இருக்கின்றன. அப்படி விழுந்த பூவை வைத்து அவள் பள்ளிப் படிப்பை நிறுத்துவதை எந்த அம்மனின் உத்தரவு என்றும் என்னால் ஏற்க முடியாது. வயது வந்த பெண்ணுக்கும் இதே நியாயம்தான். மேலே படிக்கவா, வெளியூர் வேலைக்குப் போகவா, இவரைக் கட்டிக்கொள்ளவா என்ற கேள்விகள் அவளுடையவை. சன்னதியில் கைகூப்பி அவற்றைக் கேட்க அவளுக்குத் தெரியும்.

கோயில் பூசாரிகளிடமும் குறி சொல்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டு யார் வந்தாலும், பொட்டலத்தைக் கையில் வாங்குவதற்கு முன்னால், "பொண்ணு வந்திருக்காளா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.