தொலைவிலிருந்து கணிப்பொறிக்குக் கட்டளை

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு சோதனை நடைபெற்றது. லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், சுமார் 350 மைல் தொலைவிலிருந்த ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தின் கணிப்பொறியினுள் நுழைவதற்காக 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். முதலிரண்டு எழுத்துகள் சென்று சேர்ந்தன. மூன்றாவதில் மறுமுனைப் பொறி நிலைகுலைந்தது. சுமார் ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே இணைப்பு கைகூடிற்று.

அவ்விரு பொறிகளும் வெவ்வேறு வகையின. அவற்றின் இயங்குதளங்களும் வேறானவை. ஒவ்வொரு பொறியும் ஏனைய வகைகள் அனைத்தின் வழக்கங்களையும் அறிந்திருத்தல் இயலாது. ஆதலின் டெல்நெட் என்னும் முறையில் ஒரு கற்பனை முனையம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பொறியும் தன் குறிகளை அக்கற்பனை முனையத்தின் குறிகளாக மாற்றி அனுப்பினால் போதும். எளிமையிலும் பயனிலும் சிறந்த ஏற்பாடு இது.

எனினும் டெல்நெட், கடவுச்சொல்லையும் மறைக்காது அனுப்பியது. 1995-ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்டதையொட்டி, அங்கிருந்த தாத்து யூலோனென் எஸ்எஸ்எச் என்னும் முறையை உருவாக்கினார். இதில் செய்தி முழுவதும் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது. முதன்முறை இணையும்போது மறுமுனைப் பொறியின் அடையாளக் குறி திரையில் தோன்றும். அதனை ஒப்பிட்டுப் பாராமலே 'ஆம்' என விடையளிப்போர் பலர். மறுமுனையில் இருப்பது வேறொரு பொறியாயின், கடவுச்சொல் அயலார் கையில் சிக்கக்கூடும்.

2018 முதல் விண்டோஸ் இயங்குதளத்திலும் எஸ்எஸ்எச் உடன் வருவதால், லினக்ஸ், விண்டோஸ் இரண்டிற்கும் ஒரே வழியில் கட்டளை அனுப்பலாம். இங்கேதான் தவறு நேர்கிறது. எஸ்எஸ்எச் கட்டளையைக் கொண்டு சேர்க்குமேயன்றி மொழிபெயர்க்காது. பொருள் கொள்வது மறுமுனையிலுள்ள ஷெல் என்னும் நிரலாகும். 'பைண்ட்' என்னும் கட்டளை லினக்ஸில் கோப்புகளைத் தேடும்; விண்டோஸிலோ கோப்பினுள்ளிருக்கும் சொற்றொடரைத் தேடும். இணைப்பைச் சோதிக்கும் 'பிங்' விண்டோஸில் நான்கு முறை வினவி நின்றுவிடும். லினக்ஸில் எவரேனும் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டேயிருக்கும். இதனை அறியாதவர், மறுமுனைப் பொறி பழுதுற்றதென எண்ணிக் காத்திருப்பர்.

கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு ஒன்றுண்டு. வரியின் முடிவை விண்டோஸ் இரு குறிகளாலும் லினக்ஸ் ஒரே குறியாலும் காட்டுகின்றன. விண்டோஸில் எழுதிய கட்டளைத் தொகுப்பை லினக்ஸிற்கு அனுப்பினால், மிகையான அக்குறி கட்டளையின் இறுதியில் ஒட்டிக்கொள்ளும். சரியாகவே எழுதப்பட்ட கட்டளையைக் காணோம் எனப் பொறி மறுக்கும். எழுத்துப் பிழை தேடி நெடுநேரம் செலவிடுவோர் இக்குறியை ஐயுறுவதில்லை.

பள்ளிக் கூடமாயினும் கள நிலையமாயினும், இருவகைப் பொறிகளும் கலந்துள்ள இடத்தில் கட்டளையை இரு பட்டியல்களாகப் பிரித்து அனுப்புவதே நன்று. திரையில் ஒன்றும் தோன்றாமை வெற்றிக்குச் சான்றன்று. கட்டளை முடிந்ததும் மறுமுனை ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பொதுவாக 0 என்பது வெற்றி, ஏனையவை தவறு. இணைப்பே தோல்வியுற்றால் எஸ்எஸ்எச் 255 என்னும் எண்ணைத் தரும். நிலையத்தின் பெயருக்கெதிரே இவ்வெண்ணைக் குறித்து வைத்தால், எங்குக் கட்டளை தவறியது, எங்கு அது சென்று சேரவேயில்லை என்பது பெரும்பாலும் புலனாகும்.