துரையின் நாய்க்குப் பெயர் உண்டு

மலையகத்துப் பழைய படங்களில் ஒரு வேடிக்கை உண்டு. பங்களா இஸ்தோப்பில் பிரம்பு நாற்காலி, அதில் துரை, காலடியில் நாய். துரை இஸ்திரி போட்ட சட்டையைப் போல விறைத்திருப்பார். நாயோ கேமராவைச் சட்டை செய்யாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். சில படங்களில் வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைமூட்டம். குற்றம் வாலுடையது அல்ல. அந்தக் காலத்துக் கேமராவுக்கு அவசரம் தெரியாது.

எவ்வளவு மெதுவென்றால், பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் தன் முன் உட்கார்ந்தவர்களை நிமிடக்கணக்கில் அசையாமல் வைத்திருப்பார். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். புகழின் உச்சியிலிருந்த அந்த அம்மையார் 1875இல் கணவரோடு இலங்கைக்குக் கப்பலேறியபோது ஒரு பசுமாடும் இரண்டு சவப்பெட்டிகளும் கூடவே வந்ததாகச் சொல்வார்கள். பால் கிடைக்காவிட்டால்? பெட்டி கிடைக்காவிட்டால்? முன்யோசனைக்காரர்.

1877இல் களுத்துறையில் அவருடைய வீட்டுக்குப் போன ஓவியர் மரியான் நோர்த் கண்டது ஒரு குட்டி மிருகக்காட்சிச்சாலையை. முயலும் அணிலும் மைனாவும் பயமில்லாமல் வீட்டுக்குள் போய்வந்தன. வாசலில் காவலுக்கு நின்றது வளர்ப்பு மான். இத்தனை இருந்தும் கேமரன் படமெடுக்கப் பிடித்து நிறுத்தியது விருந்தாளியைத்தான். கொளுத்துகிற வெயிலில் சால்வையைச் சுற்றிவிட்டு, தலைக்குப் பின்னால் தென்னோலை குத்த, இயல்பாக இருக்கும்படி கட்டளை. மைனாவிடம் அந்தப் பருப்பு வேகாது. 1879இல் டிக்கோயா கிளென்கெயர்ன் தோட்டத்தில் கேமரன் இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு.

துரைமாரின் நாய் மோகம் தேயிலைக்கும் மூத்தது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் மரை வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலில் கொண்டுவந்தவர். கில்பக், பிரான், ஸ்மட் என்று அவர் நாய்களின் பெயர்களும் குணங்களும் வீரதீரங்களும் அவருடைய வேட்டைப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருகின்றன. லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். பிறகு கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்களின் படங்கள் தபாலட்டைகளாக உலகம் சுற்றின. படத்துக்குக் கீழே ‘தமிழ்க் கூலி’ என்று அச்சிட்டால் போதுமென்று நினைத்தார்கள். வேட்டை நாய்க்குக் கிடைத்த மரியாதை அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

லயத்துப் படங்களில் பிராணிகள் அழைப்பில்லாமல் வந்தவை. தொங்கல் காம்பரா ஓரத்தில் ஒரு கோழி, கானைத் தாண்டுகிற நாய், பாதி உடம்போடு ஒரு பசுமாடு. வரிசையில் நிற்கும் ஆட்கள் கைகட்டி, மூச்சடக்கி நிற்க, கோழி மட்டும் தன் வேலையைப் பார்க்கும். 1900இல் ஒரு டாலருக்கு பிரௌனி பெட்டிக் கேமரா வந்தபோது பங்களாப் பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்கள். லயத்துக்கு அந்தப் பெட்டி சுலபத்தில் வரவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா செல்லும் பாஸ்போர்ட்டுக்காக டவுன் ஸ்டூடியோவின் படியேறிய குடும்பங்களில் பலவற்றுக்கு அதுவே முதல் படம். அதில் நாய்க்கு இடமேது?

குருவிகள் பாடு இன்னும் மோசம். தேயிலை மலையில் கம்பு நுனி கண்டால் உட்கார்ந்துவிடும் புதர்ச்சிட்டு; ஆண் குருவி கன்னங்கரேல், இறக்கையிலும் வாலடியிலும் மட்டும் வெள்ளை. பழைய படத்தில் அது விழுந்திருந்தாலும் பிரிண்டில் பட்ட கறையென்று துடைக்கத்தான் கை போகும். செடிக்குச் செடி கூட்டமாகத் தாவும் வெள்ளைக்கண்ணி கறையாகக்கூட மிஞ்சாது. கேமரா கைவிட்டதைத் தூரிகை பிடித்தது. 1891இல் கந்தப்பளைத் தோட்டமொன்றில் பிறந்த ஜி.எம். ஹென்றி, 1955இல் வெளியான தன் இலங்கைப் பறவைகள் கையேட்டுக்குத் தானே படங்களும் வரைந்தார்.

பழைய ஆல்பம் வைத்திருப்பவர்கள் பூதக்கண்ணாடியோடு மூலைகளைத் துழாவலாம். பாட்டிமாருக்கு அங்கே தென்படும் நாயின் பெயர் நினைவிருந்தால் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதிவைப்பது நல்லது. பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.