பன்னிரண்டு பங்காளிகள்

கோமாரித் தடுப்பூசி போட வருகிறவர்கள் மருந்தை ஐஸ் பெட்டிக்கு வெளியே வைக்க ஏன் அத்தனை அஞ்சுகிறார்கள் என்றும், தொழுவ வாசலில் வெள்ளைக் கோடாகத் தூவும் பிளீச்சிங் பவுடரைவிடச் சலவைச் சோடாவே மேல் என்பது மெய்தானா என்றும் வீரபாண்டியிலிருந்து மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி இரண்டாயினும் சூட்சுமம் ஒன்றே.

கோமாரியை உண்டாக்கும் வைரஸ் கிருமி, ஓர் ஆர்.என்.ஏ. இழையும் அதை மூடிய பன்னிரண்டு புரதத் துண்டுகளாலான ஓடும் அன்றி வேறில்லை. பூர்விகப் பத்திரத்தைச் சுற்றித் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் பங்காளிகளைப் போல, அத்துண்டுகள் சுமுகம் நீடிக்கிறவரையில் நிற்கின்றன. அவை சந்திக்கும் ஓரங்களில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது; சூழலின் பி.எச். அளவு 6.5-க்குக் கீழே இறங்கியதும் அது நேர்மின்னூட்டம் பெற, துண்டுகள் ஒன்றையொன்று தள்ளத் தொடங்குகின்றன. அமிலத்தை வக்கீலாகக் கொண்டால், அவர் பங்காளிகள் எல்லோர் காதிலும் ஒரே ஆலோசனையை ஓதிவிடுகிறார். ஸ்டாம்புக் காகிதம் வாங்கவும் அவகாசமின்றிப் பாகப்பிரிவினை முடிந்து, பத்திரம் நடுமுற்றத்தில் அநாதையாய்க் கிடக்கிறது.

விசித்திரம் யாதெனில், இந்தப் பலவீனமே அதன் ஜீவனோபாயம். மாட்டின் உயிரணு கிருமியை ஒரு நுண்பைக்குள் வாங்கி அப்பையை அமிலமாக்கும்போது, அந்த அமிலமே ஓட்டைக் குலைத்து இழையை உள்ளே சேர்ப்பிக்கிறது. கட்டுக்குலையாத ஓடாயிருந்தால் அது எந்த மாட்டையும் நோய்ப்படுத்தியிராது.

தடுப்பூசியில் இருப்பதும் செயலிழக்கச் செய்த இதே கிருமிதான். முழு ஓட்டைக் கண்டு பலமான எதிர்ப்பை வளர்க்கும் மாட்டின் உடல், சிதறிய துண்டுகளை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. அமிலம் செய்கிற பாகப்பிரிவினையை உஷ்ணமும் செய்யுமாதலால், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய குப்பி கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் சுற்றி வந்தால், பார்வைக்கு மாறாதிருந்தும் வீரியம் இழந்துவிடக்கூடும்.

சரித்திரம் வேண்டுவோர்க்கு: விலங்கு நோய் ஒன்றுக்கு வைரஸ் காரணம் என முதன்முதலில், 1898-இல், லோஃப்லரும் ஃப்ராஷும் காட்டியது இந்நோயில்தான். 2019-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம், ஆண்டுக்கு இருமுறை ஊசி போட்டு 2030-க்குள் இதை ஒழிப்பதாகச் சொல்கிறது. ஆண்டைச் சுவரொட்டியில் அச்சிடுவது எளிது. குமுளி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துக்கு ஏறும் மாடுகள் சுவரொட்டியைப் படிப்பதில்லை.

பவுடர் விஷயத்தில், சாணம் படிந்த தரையில் குளோரின் சாணத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது. பி.எச். 9-ஐத் தாண்டிய காரத்திலும் இக்கிருமி நிலைப்பதில்லையாதலால், சாணத்தைக் கழுவித் தள்ளியபின் பத்து லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்து ஊற்றுவது பயன் தரும். 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இயங்கும் வீரபாண்டி வட்டாரத்தில் 'நானோ' என்று பெயரிட்ட கிருமிநாசினிப் புட்டிகளுக்குப் பணத்தைக் கொட்டுவானேன்? சோடாவோடு வினிகரையும் சேர்த்தால் இரட்டைப் பலன் என்றொரு யோசனையும் உலவுகிறது. தனித்தனியே இரண்டும் கிருமியைக் கொல்லும்; ஒரே வாளியில் கலந்தாலோ, காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும், கிருமி பிழைத்துக்கொள்ளும்.