மாடு சினை நிக்கலையா? ஊசிக்கு முன்னாடி தீவனத் தொட்டியைப் பாருங்க!

"கன்னு போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. மூணு தடவை சினை ஊசி போட்டாச்சு, இன்னும் நிக்கலை." கலப்பின ஜெர்சி மாடு வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஒரு பருவம் தவறினால் அடுத்ததுக்கு ஏறக்குறைய 21 நாள் காத்திருக்க வேண்டும். பால் குறைந்துகொண்டே வரும். தீவனச் செலவு குறையாது. கடைசியில் நல்ல மாடு சந்தைக்குப் போய்விடும்.

"ஹார்மோன் ஊசி ஒண்ணு போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள் அதிகம். ஆனால், அந்த ஹார்மோன்களையே ஆட்டிவைப்பது தீவனம்தான்.

மூளைக்கு எப்படித் தெரியும்?

கன்று போட்ட மாட்டுக்குப் பால் உச்சத்தைத் தொடுவது 4 முதல் 8 வாரத்துக்குள். தீனி எடுப்பதோ அதற்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். இந்த இடைவெளியில் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கிறது. பால் நிறைய கறக்குதே என்று நாம் சந்தோஷப்படும் நேரத்தில்தான் விலா எலும்பு தெரிய ஆரம்பிக்கும்.

அப்போது ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் குறையும். மூளை இதைக் கவனிக்கிறது. கருமுட்டையை முதிர வைத்து வெளியேற்றும் எல்.ஹெச். ஹார்மோன் அடிக்கடி சுரக்க வேண்டும்; மூளை அதை அடக்கி வைத்துவிடும். வீட்டில் அரிசி இல்லாதபோது யாராவது விருந்துக்கு அழைப்பார்களா? சினைமுட்டைப் பையில் முட்டை வளரும், ஆனால் வெடிக்காது. மாடு பருவத்துக்கே வராது. வந்தாலும் கத்தாமல், வழும்பு சரியாகத் தெரியாமல் ஊமைப் பருவமாகப் போகலாம்.

வைக்கோல் மட்டும் போதுமா?

போதாது. வைக்கோலில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அடர்தீவனம், உடல் பராமரிப்புக்கு 1.5 முதல் 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ என்பது பொதுவான கணக்கு. 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்குக் கிட்டத்தட்ட 6 கிலோ வரும். நல்ல பசுந்தீவனம் இருந்தால் குறைத்துக்கொள்ளலாம். திடீரென அள்ளிக் கொட்டினால் வயிற்றில் அமிலம் கூடிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டணும். தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் வேண்டும்.

புண்ணாக்கைக் கூட்டினால் சினை பிடிக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். புரதம் அளவுக்கு மீறினால் ரத்தத்தில் யூரியா ஏறி, கருப்பைச் சூழலைக் கெடுத்துவிடும்.

அப்போ ஊசி வீணா?

இல்லை. பருவச்சுழற்சி நடந்துகொண்டிருக்கும் மாட்டுக்கு, ஊமைப் பருவமாக இருந்தாலும், புரோஸ்டாகிளாண்டின் ஊசி நன்றாகவே கைகொடுக்கும். சுழற்சியே தொடங்காத, மெலிந்த மாட்டுக்கு அதனால் பயன் இல்லை. ஏற்கெனவே சினையாக இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். அதனால் மருத்துவர் கைவிட்டுப் பரிசோதிக்காமல் இந்த ஊசி போடவே கூடாது.

இன்னொன்று: காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. இன்று வெளியேறும் முட்டை, 2, 3 மாதத்துக்கு முன்பே வளரத் தொடங்கியது. தீவனத்தை இன்று சரிசெய்தால் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே மாட்டின் உடம்பைக் கவனிக்க வேண்டிய நேரம், பால் வற்றிய கடைசி இரண்டு மாதச் சினைக்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.