பனி வெண்மையா?

‘பனி வெண்மையானது’ என்ற வாக்கியம் எப்போது உண்மை? பனி வெண்மையாக இருந்தால் உண்மை. இதைச் சொல்ல ஒரு மேதை வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். வார்சாவில் பிறந்த ஆல்ஃபிரட் டார்ஸ்கி உண்மைக்கு இலக்கணம் தேடி 1933-ல் போலிஷ் மொழியில் வெளியிட்ட நூலின் கருவை, 1944-ல் அமெரிக்காவில் இருந்தபடி எளிமையாக விளக்க எடுத்துக்கொண்ட உதாரணம் இது.

அதற்குமுன் உண்மைக்கு இலக்கணம் இல்லாமல் இல்லை. உள்ளதை உள்ளதென்றும் இல்லாததை இல்லையென்றும் சொல்வதே உண்மை என்றார் அரிஸ்டாட்டில். நம் சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது: ‘உள்’ என்ற வேரில் பிறந்ததுதான் உண்மை. சொல்வது உலகத்தோடு பொருந்தினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரேகே 1918-ல் இதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். ஒரு கூற்று பொருந்துகிறதா என்று பார்க்கப் போனால், ‘பொருந்துகிறது’ என்பது உண்மையா என்று கேட்டாக வேண்டும். அதற்கு இன்னொரு பொருத்தம் பார்க்க வேண்டும். செக்குமாட்டுக் கதைதான். உண்மைக்கு வரையறையே சொல்ல முடியாதுபோலும் என்று ஃப்ரேகே ஒதுங்கிவிட்டார்.

நமக்குப் பயன்படும் நம்பிக்கையே உண்மை என்ற வில்லியம் ஜேம்ஸ் கட்சிக்குள் நான் போகவில்லை. எனக்குப் பயன்பட்ட பொய்கள் ஏராளம்.

டார்ஸ்கியை உறுத்தியது வேறு. ‘இந்த வாக்கியம் பொய்.’ இது உண்மையென்றால், அது சொல்கிறபடி பொய். பொய்யென்றால், அது சொன்னது பலித்துவிட்டது, ஆகவே உண்மை! கிரேக்கத்தின் யூபுலிடீஸ் காலம் தொட்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இந்தப் புதிரை, டார்ஸ்கி ஒரு நோய்க்குறியாகப் பார்த்தார். ஒரு மொழி தன் வாக்கியங்களுக்குத் தானே தீர்ப்புச் சொல்வதுதான் நோய். ஆகவே அவர் மொழியைத் தளம் தளமாகப் பிரித்தார். கீழ்மொழியின் வாக்கியங்கள் உண்மையா என்பதை மேல்மொழிதான் பேசலாம். மேல்மொழியைப் பற்றிப் பேச அதற்கும் மேலே ஒன்று. கணித மொழிகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் நாம் அன்றாடம் பேசும் மொழிக்கு இது சரிவராது என்று அவரே சொல்லிவிட்டார். தமிழைப் பற்றித் தமிழிலேயே பேசுகிறவர்கள் நாம். எந்தத் தளத்தைப் பிரிப்பது? சந்தையிலும் சாட்சிக்கூண்டிலும் புழங்கும் உண்மைக்கு இலக்கணம் தேடி வந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

இன்னொன்று. டார்ஸ்கியிடம் ‘இன்ன மொழியில் உண்மை’ என்பதுதான் உண்டு. வெறும் உண்மை கிடையாது. அவர் வளர்ந்த வார்சாவில் பனி என்றால் கூரைமேல் குவியும் வெள்ளை. நமக்கோ மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். அதற்கு ஏது நிறம்?

1975-ல் அமெரிக்கரான சால் கிரிப்கி ஒரு கட்டுரையில், தளம் பிரிக்காமலே ‘உண்மை’ என்ற சொல்லை ஒரே மொழிக்குள் வைத்துக்கொள்ள வழி கண்டார். சில வாக்கியங்கள் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்றார். அந்தப் பழைய புதிரும் அதில் ஒன்று. ஆனால் ‘அது உண்மையல்ல’ என்று சொல்வதற்கு மட்டும் மேல்மொழிக்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்று அதே கட்டுரையில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.